ஓடு மேலே போன பிறகு: ஒரு வளவு வீட்டுக் கூரையில் நடந்த சரிவு

காரைக்குடியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஒரு வளவு வீட்டில், அதாவது நடுவில் திறந்த முற்றமும் சுற்றிலும் ஓட்டுக் கூரையும் உள்ள செட்டிநாட்டு வீட்டில், ஓடு மாற்றிக்கொண்டிருந்தபோது, கூரைச் சரிவில் அடுக்கி வைத்திருந்த ஓடுகள் மொத்தமாக வழுக்கி முற்றத்தில் விழுந்தன. மேலே நின்றவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கீழே கயிறு இழுத்துக்கொண்டிருந்தவருக்குத் தோள்பட்டையில் நல்ல அடி. வேலை நின்றுபோனது. பங்காளிகள் கூடிப் பேசி, ஏன் இப்படி ஆனது, மீதி வேலையை எப்படி முடிப்பது என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். பழைய வீடுகளின் கட்டுமானத்தைச் சோதித்துச் சொல்வதுதான் என் தொழில். அந்த வீட்டில் பார்த்ததையும் பிறகு மாற்றிச் செய்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ஓட்டு வேலை என்றால் எல்லோருடைய கவலையும் ஒன்றுதான்: இவ்வளவு கனத்தை எப்படி மேலே ஏற்றுவது? கப்பியா, ஆளா, கிரேனா? இந்த வீட்டில் ஓடு ஒழுங்காகத்தான் மேலே போனது. போன ஓட்டை எங்கே இறக்கி வைப்பது, அதுவரை அது எதன் மேல் நிற்கும் என்பதைத்தான் யாரும் தனி வேலையாக நினைக்கவில்லை. அடிபட்டது அந்த இடத்தில்தான்.

வீடு

செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை கட்டப்பட்டவை. முன் தெருவில் முகப்பு, பின் தெருவில் கடைசிக் கதவு. நடுவில் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வரிசையாகப் போகும். நிலையும் தூண்களில் பலவும் பர்மா தேக்கு. வளவின் நடுவே திறந்த முற்றம், நாலு பக்கமும் பத்தி என்கிற தாழ்வாரம். ஒவ்வொரு பத்தியின் கூரையும் இரு பக்கம் சரியும். ஒரு சரிவு முற்றத்தைப் பார்க்கும், மற்றது வெளியே. உள்சரிவின் நீர் தகரக் கால்வாயில் இறங்கி முற்றத்துக்கு வரும்.

இந்த வீட்டின் பின்கட்டில் இன்னும் நாட்டு ஓடு. வளவின் மேல் மங்களூர் ஓடு. பாசல் மிஷன்காரர்கள் 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய அதே தட்டை ஓடு, பின்பக்கம் ரீப்பரில், அதாவது ஓட்டைத் தாங்கக் குறுக்கே அடித்த மெல்லிய சட்டத்தில், மாட்டிக்கொள்ளும் மூக்கோடு. நாங்கள் எடை போட்டுப் பார்த்தபோது காய்ந்த ஓடு ஒன்று 2.6 கிலோ வந்தது. ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 ஓடு பிடிக்கும். தெற்குப் பத்தியின் இரு சரிவும் சேர்ந்து 180 சதுர மீட்டர். அப்படியானால் 2,700 ஓடு, 7 டன். இதில் முகட்டு ஓடும் அதற்கான சுண்ணாம்புக் கலவையும் சேரவில்லை. பழைய ஓடும் ஏறத்தாழ இதே கனம்தான், அது கீழே இறங்க வேண்டும். ஆக, அந்தக் கூரை விளிம்பைத் தாண்டிப் போய்வரும் சுமை 14 டன். ஒப்பந்தம் பேசும்போது ஏறும் ஓட்டைத்தான் எண்ணுவார்கள். இறங்கும் ஓடு யார் கணக்கிலும் வராது.

சரிவு அடிக்கு 9 அங்குலம். அதாவது கிடையாக ஓர் அடி போனால் முக்கால் அடி ஏறும். கோணம் 37 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. மழை நீர் ஓட நல்ல சரிவு, மனிதன் நிற்க மோசமான சரிவு. முற்றத்துத் தரையிலிருந்து கூரையின் கீழ் விளிம்பான இறவாரம் 13 அடி, உச்சியான முகடு 24 அடி.

கிரேன் ஏன் வேண்டாம் என்று பிறகு பங்காளி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போனில் கேட்டார். முன் தெருவில் கிரேனை நிறுத்தினால் முகப்பைத் தாண்டி வளவு வரைக்கும் கை நீள வேண்டும். அந்த நீளத்துக்குப் பெரிய வண்டி வேண்டும். கை நீள நீளத் தூக்கும் திறனும் குறைந்துகொண்டே வரும். தெருவோரம் மின்கம்பியும் போகிறது. முகப்புக் கூரைக்குக் கிரேன் சரி. வளவுக்கு முற்றம் வழியாக ஏற்றுவதுதான் நடைமுறை.

முதலில் செய்திருந்த ஏற்பாடு

மேஸ்திரி புதியவர் அல்ல. இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டு வேலை பார்ப்பவர். கீழ் வரிசைகளுக்கு வழக்கம்போல் கை மாற்றித்தான் கொடுத்திருக்கிறார்கள்: கீழே ஒருவர் இரண்டு ஓடாக வீச, சாரத்தில் நிற்பவர் பிடித்து மேலே வீச, கூரையில் இருப்பவர் வாங்கி வைக்க. பழகிய கைகளுக்கு இது வேகமான முறை. ஆனால் உயரம் கூடக் கூடப் பிடிப்பவர் கூரையை விட்டு வெளியே சாய வேண்டியிருக்கும். அதனால் மேல் வரிசைகளுக்குக் கப்பி கட்டியிருக்கிறார்கள்.

கப்பி தொங்கியது, சுவரைத் தாண்டி வெளியே நீட்டியிருந்த ஒரு கைமரத்தின் (ரீப்பர்களைத் தாங்கிச் சரிவோடு இறங்கும் மரம்) நுனியில். நைலான் கயிறு. 16 ஓட்டைச் சாக்கில் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி ஒரு கட்டு. இருவர் முற்றத்தில் நின்று கீழ்நோக்கி இழுப்பார்கள். மேலே ஒருவர் இறவாரத்தில் குனிந்து கட்டை உள்ளே இழுத்து, பிரித்து, அடுக்குவார். பழைய ஓட்டைப் பிரித்த இடத்தில் வெறும் ரீப்பர்தான் இருக்கும், இடைவெளியில் ஓடு விழுந்துவிடும் என்று சென்ட்ரிங் பிளைவுட் பலகை ஒன்றை விரித்திருந்தார்கள். அதன் கீழ் விளிம்பில், அடுக்கு சரியாமல் இருக்க ஒரு ரீப்பர் துண்டை நாலு ஆணியால் அடித்திருந்தார்கள்.

“பலகை வழுக்கும்னு தெரியாதா அண்ணே?” என்று கேட்டேன்.

“அடைப்புக்குத்தான் ரீப்பர் அடிச்சிருந்தமே சார். இத்தனை வருஷத்துல அது விட்டதே இல்லை.”

அவர் பொய் சொல்லவில்லை. அதே அடைப்பு அடிக்கு 5, 6 அங்குலச் சரிவில் பல கூரைகளில் தாங்கியிருக்கும்.

அன்று காலை

முந்தின இரவு கோடை மழை. ஓடு முன்வாசலில் வெட்டவெளியில் அடுக்கியிருந்தது. சுட்ட மண் ஓடு தண்ணீர் குடிக்கும். நனைந்த ஓட்டை நான் எடை போட்டபோது 3 கிலோவை ஒட்டி வந்தது. 16 ஓட்டுக் கட்டு 42 கிலோவிலிருந்து 48 கிலோ ஆகிவிட்டது. கட்டின் அளவை யாரும் குறைக்கவில்லை. “இன்னைக்குக் கனமா இருக்கே” என்று இழுத்தவர்களில் ஒருவர் சொன்னாராம். அதற்கு யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

மேலே பலகையில் ஏறத்தாழ 60 ஓடு சேர்ந்துவிட்டது. ஓடு மேய்கிற, அதாவது ஓட்டை வரிசையாகப் பதிக்கிற ஆள் மறுபக்கச் சரிவில் முகட்டை ஒட்டி வேறு வேலையில் இருந்தார், அதனால் வந்த ஓடு தீராமல் குவிந்தது. அடுத்த கட்டு பாதி உயரம் வந்தபோது, அதை வாங்கத் தயாரான இளைஞர் ஒரு காலை அந்த அடைப்பு ரீப்பரின் மேல் ஊன்றிக் குனிந்தார். ரீப்பர் விட்டது. பலகையின் மேலிருந்த அடுக்கு அப்படியே இறங்கித் தகரக் கால்வாயை வளைத்துக்கொண்டு முற்றத்தில் கொட்டியது. கூடவே அவரும் சறுக்கி, கால்வாயைத் தாங்கும் இரும்புக் கொக்கியில் தட்டி, கீழே இருந்த சாரப் பலகையில் கை ஊன்றி விழுந்தார். கீழே இழுத்துக்கொண்டிருந்த இருவரும் கயிற்றை விட்டு ஓடினார்கள். ஒருவர் தப்பினார், மற்றவர் மேல் ஓட்டுத்துண்டு விழுந்தது. கயிற்றை விட்டதால் பாதியில் நின்ற கட்டும் விழுந்தது. அது நல்லவேளையாக யார் மேலும் படவில்லை.

எது எதைத் தாங்கியது

முதல் நாள் அங்கே போனபோது உடைந்த அடைப்பைத்தான் தேடினேன். ஆணி எதுவும் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. ஆணி அடித்திருந்த பழைய ரீப்பரே நீளவாக்கில் பிளந்திருந்தது. நாலு ஆணியும் ஒரே கோட்டில், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே அடிக்கப்பட்டிருந்தன. நூறு வருஷம் வெயிலில் காய்ந்த தேக்கு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் ரேகையோடு ஆணி இறங்கினால் எளிதில் வெடிக்கும். துளை போட்டு, ஆணிகளைக் கோணல்மாணலாக மாற்றி அடித்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் பிளந்திருக்காது. அதைவிட, அடைப்பை ரீப்பரில் அடிக்காமல் கைமரத்தில் பிடித்திருக்க வேண்டும்.

இப்போது சுமைக் கணக்கு. அடிக்கு 9 அங்குலச் சரிவில், எடையில் ஐந்தில் மூன்று பங்கு சரிவோடு கீழே தள்ளும், ஐந்தில் நாலு பங்கு பலகையை அழுத்தும். நனைந்த 60 ஓடு 180 கிலோ. கீழே தள்ளுவது 108 கிலோ, அழுத்துவது 144 கிலோ. அந்த அழுத்தத்தில் எவ்வளவு பங்கு உராய்வாக நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சொரசொரப்பான மரத்தில் பாதி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம்: 72 கிலோவை உராய்வே பிடித்துக்கொள்ளும், அடைப்புக்கு 36 கிலோதான் போகும். ஆனால் சென்ட்ரிங் பலகை வழவழப்பானது. கான்கிரீட் ஒட்டாமல் இருக்க எண்ணெய் வேறு பூசியிருப்பார்கள். இரவு மழையில் அது நனைந்தும் இருந்தது. உராய்வு கால் பங்குதான் என்றால் 36 கிலோவைத்தான் அது பிடிக்கும், அடைப்பின் மேல் 72 கிலோ வந்துவிடும். ஓடு கீழே விழாமல் இருக்கப் போட்ட பலகையே அடைப்பின் சுமையை இரட்டிப்பாக்கியிருக்கிறது.

அதோடு அந்த இளைஞரின் கால். ஒருவர் 65 கிலோ என்றால், முழுக்க அந்த ரீப்பரில் ஊன்றும்போது 39 கிலோ வரைக்கும் சரிவோடு தள்ளும். மொத்தம் 110 கிலோவைத் தொடுகிறது. சரக்கைத் தடுக்க அடித்த அதே ரீப்பர் மனிதனுக்கும் மிதிகட்டையாக இருந்தது. கட்டு வரும்போதுதான் மனிதன் அதில் கூடுதலாக மிதிப்பான். அதாவது சரக்கு கூடும் அதே நொடியில் ஆளின் எடையும் சேரும். என் பார்வையில் விபத்தின் முதல் காரணம் இதுதான். மழையும் எண்ணெயும் அதைச் சீக்கிரப்படுத்தின.

கப்பி அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. ஒற்றைக் கப்பியில் 48 கிலோவைத் தூக்க, இழுப்பவர்களும் 48 கிலோ விசையில் கீழே இழுக்க வேண்டும். கப்பி தொங்கும் இடம் இரண்டையும் சேர்த்துத் தாங்கும்: 96 கிலோ, உராய்வையும் வெட்டி வெட்டி இழுப்பதையும் சேர்த்தால் அதற்கு மேல். ‘ஐம்பது கிலோவைத்தானே தூக்குறோம், இந்த மரம் தாங்காதா’ என்று நினைப்பது இயல்பு. மரத்துக்கு நூறு தெரியும். அந்தக் கைமரத்தின் நுனியில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினேன். ஓர் அங்குலம் உள்ளே போனது. தகரக் கால்வாய் ஒழுகிய இடத்தில் பல மழைக்காலமாக ஊறிப்போன மரம். வெளியே பார்த்தால் கறுப்பு பூசிய நல்ல மரம் போலவே இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். கப்பி நேரே இறவாரத்தின் கீழ் என்பதால், கயிறும் நேரே கீழே இறங்கும். இழுப்பவர் சரக்கு விழும் இடத்திலேயே நிற்க வேண்டும், வேறு வழியே இல்லை. கையை விட்டால் சுமையைப் பிடித்து நிறுத்தவும் அந்தக் கப்பியில் எதுவும் கிடையாது. ஓடு தலைக்கு மேல் வரும்போது கயிற்றை விடாமல் நில் என்று யாரையும் சொல்ல முடியாது. அவர்கள் ஓடியதில் தவறு இல்லை.

மேலே இருந்தவர் சேஃப்டி பெல்ட் போட்டிருந்தார். இடுப்பில் கட்டுகிற வகை. கயிற்றின் மறுமுனை, கூரை உச்சியில் நீளவாக்கில் ஓடும் மரமான முகட்டு வளையில் இருந்தது. முகட்டிலிருந்து இறவாரம் வரை சரிவின் நீளம் 18 அடி. சரிவு முழுக்க நடமாட வசதியாக இருக்கட்டும் என்று கயிற்றை 25 அடி விட்டிருந்தார்கள். இறவாரத்தைத் தாண்டி இன்னும் 7 அடி விழுந்த பிறகுதான் அது இறுகும். சாரப் பலகை அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. இறுகியிருந்தாலும் இடுப்புப் பெல்ட் வயிற்றையும் முதுகையும் பதம் பார்த்திருக்கும். விழுவதைத் தடுக்க முழு உடலையும் பிடிக்கும் ஹார்னஸ்தான் வேண்டும். அதற்கு இந்திய தரநிலை 3521 இருக்கிறது, கடையில் வாங்கும்போது அந்த எண்ணைப் பார்த்து வாங்கலாம்.

ஆச்சி வைத்த நிபந்தனை

வீட்டில் இருந்து பார்த்துக்கொள்பவர் ஒரு ஆச்சி. மற்ற பங்காளிகள் சென்னையிலும் வெளிநாட்டிலும். அவர் முதலில் கேட்டது அடிபட்ட இருவரையும் பற்றி. அப்புறம், “தம்பி, நீங்க என்ன வேணும்னாலும் கட்டுங்க. சுவத்துல ஒரு ஆணி இறங்கக் கூடாது. தேக்குத் தூண்ல கயிறு படக் கூடாது” என்றார்.

சுண்ணாம்பை அரைத்து முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர் அது. அதில் ஒரு போல்ட் துளை போட்டால் திரும்ப அதே பளபளப்பைக் கொண்டுவரச் செய்கிற கொத்தனார் இப்போது அபூர்வம். அவர் சொன்னதை நான் தடையாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய மரத்தையும் சுவரையும் நம்பக் கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆக, ஏற்றும் ஏற்பாடு வீட்டின் எந்த உறுப்பையும் சாராமல் தன் காலிலேயே நிற்க வேண்டும். பேரம் பேசி, கருங்கல் தூண் இரண்டில் மட்டும் சாக்கு சுற்றிக் கயிறு கட்டிக்கொள்ள அனுமதி வாங்கினேன்.

மாற்றிய ஏற்பாடு

முற்றத்தில் இரும்புக் குழாயும் கிளாம்பும் கொண்டு 8 அடிக்கு 8 அடி அடித்தளத்தில் ஒரு கோபுரம் எழுப்பினோம். உயரம் 20 அடி. தனியாக நிற்கும் சாரம் அடித்தளத்தின் குறுகிய பக்கத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் உயரக் கூடாது என்பது பொதுவான கணக்கு. இது அதற்குள் இருந்தது. நாலு பக்கமும் குறுக்குக் குழாய் போட்டு, கருங்கல் தூண்களோடும் கட்டினோம்.

கால் வைக்கும் இடம் பார்ப்பதில்தான் நேரம் போனது. முற்றத்துக் கற்பலகைக்கு அடியில் மழைநீர் வெளியேறும் கால்வாய் போகும். அதன் மேல் கோபுரத்தின் கால் வந்தால் கல் உடையலாம். கடப்பாரை முனையால் தட்டிக்கொண்டே போனோம். கெட்டியான இடத்தில் ‘டக்’ என்று வரும், கால்வாய்க்கு மேல் ‘டொக்’ என்று உள்ளே எதிரொலிக்கும். அந்தக் கோட்டைச் சுண்ணாம்பால் வரைந்து, கால்கள் அதைத் தவிர்த்து நிற்கும்படி கோபுரத்தைக் கொஞ்சம் திருப்பினோம். ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரும்புத் தட்டு, அதன் அடியில் கனமான பலகை, அதன் அடியில் சாக்கு.

இறவாரத்தின் மட்டத்தில் கோபுரத்தில் ஒரு மேடை. கூரையைத் தொடாமல், தகரக் கால்வாயிலிருந்து அரை அடி தள்ளி. மூன்று பக்கம் இடுப்பளவு கைப்பிடி, ஓடு உருண்டு விழாதபடி கீழே ஆறு அங்குலப் பலகை அடைப்பு. மாற்றியதில் மிக முக்கியமானது இந்த மேடைதான். மேலே வரும் சரக்கு இனிமேல் சரிவில் இறங்காது, சமதளத்தில் இறங்கும். அதை வாங்குபவரும் சமதளத்தில் நிற்பார்.

கப்பி கோபுரத்தின் உச்சிக் குழாயில். கயிறு அங்கிருந்து கோபுரத்தின் அடிக்கு வந்து, இன்னொரு கப்பியில் திரும்பி, பத்திக்கு அடியில் வைத்த, கயிற்றைச் சுற்றி இழுக்கும் கை வின்ச்சுக்குப் போகும். கீழ்க் கப்பியால் இழுப்பு சுலபமாகாது, திசைதான் மாறும். ஆனால் சுற்றுபவர் பத்திக் கூரைக்கு அடியில், சரக்கு தொங்கும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி நிற்க முடிகிறது. வின்ச்சில் தானாகப் பிடிக்கும் பிரேக் உண்டு, கைப்பிடியை விட்டாலும் சுமை இருந்த இடத்திலேயே நிற்கும். மின்சார வின்ச் இன்னும் வேகம்தான். இந்த அளவு வேலைக்குக் கை வின்ச் போதும், சுற்றும்போதே எங்காவது சிக்கினால் கைக்குத் தெரிந்துவிடும் என்பது எனக்குப் பிடித்த இன்னொரு காரணம்.

சாக்குக் கட்டை விட்டுவிட்டோம். ஆசாரி பழைய ரீப்பரில் ஒரு பெட்டி செய்து கொடுத்தார். ஓடு நெட்டுக்குத்தாக நிற்கும், பக்கச் சட்டம் ஓட்டின் உயரத்துக்கு மேல் வரும். பெட்டிக்கு 12 ஓடு, அவ்வளவுதான் கொள்ளும். பெட்டியே அளவுகோல் ஆகிவிட்டதால் ‘இன்னும் நாலு வை’ என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் சில தடவை பெட்டி சுழன்று மேடைச் சட்டத்தில் இடித்தது. பெட்டியின் அடியில் ஒரு கயிறு கட்டிக் கீழே ஒருவர் தூரத்திலிருந்து பிடித்துக்கொண்ட பிறகு அது நின்றது. ஓட்டுக் குவியலுக்குத் தார்ப்பாயும் போட்டோம்.

மேடையிலிருந்து கூரைக்குக் கை மாற்றித்தான், இரண்டிரண்டு ஓடாக. கூரைச் சரிவில் ஆள் நிற்க, முகட்டில் கொக்கி மாட்டும் கூரை ஏணி. ஓடு வைக்கத் தனியாக ஒரு தாங்கி: அடிக்கு 9 அங்குலச் சரிவுக்கு ஏற்ப முக்கோணமாக அறுத்த இரண்டு சட்டத்தின் மேல் ஒரு பலகை, கூரையில் வைத்தால் மேல்பக்கம் சமமாக இருக்கும். இதுவும் முகட்டு வளையில் தன் சொந்தக் கொக்கியில் தொங்கும், மூன்று கைமரத்தின் மேல் படும்படி அகலமாக. ஒரு தாங்கியில் 10 ஓட்டுக்கு மேல் கிடையாது. ஏணி ஆளுக்கு, தாங்கி ஓட்டுக்கு. ஆள் தாங்கியில் மிதிப்பதோ ஓடு ஏணியில் சாய்வதோ கூடாது என்பதை மட்டும் மேஸ்திரி திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டே இருந்தார். கத்த வேண்டியதாகவும் இருந்தது, பழைய கால்பழக்கம் லேசில் போகாது.

ஓடு மேய்வதும் முறை மாறியது. ஒரு பக்கச் சரிவை முழுக்கப் பிரித்து, மறுபக்கத்தில் முழுக் கனம் நிற்கும்படி விடாமல், மூன்றடி அகலப் பட்டையாக இறவாரத்திலிருந்து முகடு வரை ஒரு பக்கம், பிறகு அதற்கு நேர் எதிரே மறுபக்கம் என்று மாற்றி மாற்றிப் போனோம். பழைய வளைக்கு இரு பக்கச் சுமையும் ஏறக்குறைய சமமாக இருக்கும். பிரித்த பழைய ஓடு வந்த பெட்டியிலேயே கீழே போனது. காலிப் பெட்டி இறங்குவதற்குப் பதில் பழைய ஓட்டோடு இறங்கியதால் அதற்கென்று தனி நேரம் போகவில்லை.

ஹார்னஸ் கயிற்றை முகட்டைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோய், வெளித் திண்ணையின் கருங்கல் தூணில் கட்டினோம். முகட்டில் கயிறு உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாய். ஆள் ஏற ஏற நீளத்தைக் குறைத்துக்கொள்ளும் பிடிப்பான் அதில் உண்டு. ஏணிக்கும் ஓர் ஒழுங்கு: ஏறும் உயரத்தில் நாலில் ஒரு பங்கு அடி தள்ளி இருக்க வேண்டும், மேலே மேடையைத் தாண்டி மூன்றடிக்கு மேல் நீட்டியிருக்க வேண்டும். மெருகேறிய கல்தரையில் சாக்கைப் போட்டு ஏணியை நிறுத்துவது இங்கே எல்லோரும் செய்வது. சாக்கோடு ஏணியும் சேர்ந்து வழுக்கும். அடியைக் கோபுரத்தோடு கட்டிவிட்டோம்.

முற்றத்தில் வத்தல் காயப்போடுவது ஆச்சியின் வழக்கம். அந்த வாரங்களில் அது பின்கட்டுக்குப் போனது. அடுப்படியிலிருந்து முகப்புக்குப் போகிறவர்கள் குறுக்கே நடக்காமல் வடக்குப் பத்தி வழியாகச் சுற்றிப்போகக் கயிறு கட்டினோம். காவல்காரரின் பேரன் மட்டும் அதன் அடியில் நுழைந்து வந்துகொண்டே இருந்தான். கடைசியில் அவனுக்கு ஒரு விசிலைக் கொடுத்து, பெட்டி நகரும்போதெல்லாம் வடக்குப் பத்தியில் நின்று ஊது என்று உட்கார வைத்தோம். வேலை உள்ளபடியே ஒழுங்கானது.

காலை 6 மணிக்குத் தொடங்கி வெயில் ஏறும்போது நிறுத்துவோம். பத்தரைக்கு மேல் ஓட்டைத் தொட முடியாது, சூட்டுக்காகக் கையை மாற்றி மாற்றிப் பிடிப்பவர் எப்போது வேண்டுமானாலும் நழுவவிடுவார். மாலையில் காற்று எழுந்தால் பெட்டி ஏறாது.

கூலி என்ற காரணம்

இதை எழுதாவிட்டால் ஆய்வு பாதிதான். முதல் ஒப்பந்தம் ஆயிரம் ஓட்டுக்கு இவ்வளவு என்று பேசப்பட்டது. சாரம், கப்பி, கயிறு எல்லாம் அதற்குள்ளேயே மேஸ்திரி பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பேசினால் சாரத்துக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர் பையிலிருந்து போகும். கட்டில் 12 வைப்பதைவிட 16 வைத்தால் அவருக்கு லாபம். மேய்கிறவர் தயாராவதற்கு முன்பே ஓட்டை மேலே குவித்தால் இழுப்பவர்களின் கூலி வீணாகாது. நனைந்த ஓட்டுக்குக் கட்டைக் குறைப்பது என்றால் நேரம் போகும். அன்று நடந்த ஒவ்வொன்றும் இந்தக் கணக்கின்படி சரியான முடிவுதான்.

இரண்டாவது ஒப்பந்தத்தில் சாரமும் வின்ச்சும் தனி வாடகையாக வீட்டுக்காரர்கள் பொறுப்பில் வந்தன. மேஸ்திரிக்கு நாள்கூலி. பங்காளிகள் குழுவில் ஒருவர் இதற்கு எதிர்ப்பு. “நாள்கூலின்னா இழுத்தடிப்பாங்க.” முதல் சில நாள் உண்மையாகவே மெதுவாகத்தான் போனது. கை பழகிய பிறகு பழைய வேகத்துக்குச் சற்றுக் குறைவாக வந்து நின்றது. ஆனால் ஓடு உடைவது வெகுவாகக் குறைந்தது. பழைய முறையில் சாக்குக் கட்டு சுவரில் இடித்தே பல ஓடுகள் மூலை போயிருந்தன.

சட்டப் பக்கம் பார்த்தால், 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு என்று எழுதப்பட்டது. சொந்த வீட்டு வேலை 10 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அதற்கும் விலக்கு இருந்தது. ஆறேழு பேர் செய்யும் ஓட்டு வேலை இப்படித்தான் யார் பார்வையிலும் படாமல் போகிறது. அடிபட்ட இளைஞரிடம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தது, புதுப்பிக்காமல் விட்டிருந்தார். மருத்துவச் செலவையும் வேலைக்குப் போகாத நாளின் கூலியையும் பங்காளிகளே கொடுத்தார்கள். இப்போது வேலை தொடங்கும்முன் எல்லோருடைய அட்டையையும் வாங்கிப் பார்ப்பதை ஆச்சி தன் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மீதி இருப்பது

தெற்குப் பத்தி முடிந்தது. ஊறிப்போன கைமரத்தின் நுனியை ஆசாரி வெட்டி, பழைய தேக்கில் ஒட்டுப்போட்டுவிட்டார். தகரக் கால்வாய் புதிது. அதே கோபுரத்தைப் பிரித்து மேற்குப் பத்திக்கு நகர்த்தியிருக்கிறார்கள். அங்கே கால்வாய்க் கோடு வேறு பக்கம் திரும்புவதால் மறுபடியும் தட்டிப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும்.

முகப்பு இரண்டு மாடி, சரிவு இன்னும் கூடுதல். அதற்குத் தெருவிலிருந்து கிரேன் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். முதலில் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து அந்தப் பகுதிக் கம்பியை நிறுத்தும் தேதி வாங்க வேண்டும். கிரேன் இறக்கும் ஓட்டை வாங்க அங்கேயும் சமதள மேடை கட்டாமல் வண்டியைக் கூப்பிடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆடிக் காற்று ஓய்ந்து ஆவணியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம். மேடைக்கான குழாய்க் கணக்கை மேஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.